சுமி ஜோவைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆறேழு பேர் கூடிப் பாட்டுக் கேட்போம். ஒரு தடவை சுமி ஜோ பாடிய ஓபராப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. ஒரே பதிலை வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி அலுத்துப்போய் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சுமி ஜோ யாரு? பேரைப் பார்த்தா ஜப்பான்காரங்க மாதிரி இருக்கே?

கொரியர், தென் கொரியா. 1962-இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சு-கியோங். அது ஐரோப்பியர் வாயில் நுழையவில்லை என்று சுமி ஆக்கிக்கொண்டார். கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால் அங்கே அவர் ஜோ சுமி, மற்ற ஊர்களில் சுமி ஜோ.

அவருடைய அம்மாவுக்குப் பாட்டும் பியானோவும் தெரியும். ஆனால் 1950-களில் கொரியா இருந்த நிலையில் முறையாகப் படித்துத் தொழிலாக்க முடியவில்லை. அந்த ஆசை மொத்தமும் மகள் தலையில் இறங்கியது. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நாளுக்கு எட்டு மணி நேரம் வரை சாதகம் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் மிலானின் லா ஸ்காலா, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வியன்னா, லண்டன், பாரிஸ் என்று பெரிய மேடை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஓபரான்னா நம்ம பழைய நாடகம் மாதிரிதானே? சொப்ரானோன்னா என்ன, பட்டமா?

கதை, வேஷம், மேடை எல்லாம் உண்டு. வசனத்துக்குப் பதில் கிட்டத்தட்ட எல்லாமே பாட்டு. மேடைக்குக் கீழே பள்ளத்தில் ஐம்பது அறுபது பேர் வாத்தியம் வாசிப்பார்கள். மெட்டும் வாத்திய இசையும் ஒரே ஆள் எழுதியது, பெரும்பாலும் செத்துப் போய் நூறு நூற்றைம்பது வருடம் ஆனவர்.

சொப்ரானோ பட்டம் இல்லை. பெண் குரல்களில் மேல் ஸ்தாயியில் நடமாடும் குரலுக்கு அந்தப் பெயர். அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பிருகா மழையாகக் கொட்டக்கூடிய, எடை குறைந்த, உச்சியில் சுலபமாக நிற்கிற குரல் கொலராத்துரா. அதைவிடச் சற்றுச் சதைப்பிடிப்பான குரல் லிரிக். வாத்தியக் கூட்டம் முழுதும் முழங்கும்போதும் அதைப் பிளந்துகொண்டு வருகிற குரல் ஸ்பிந்தோ, அதற்கும் மேலே டிராமாட்டிக். சுமி ஜோ முதல் வகை. அவருடைய தொழில் வாழ்க்கையில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலேயே விளங்கிவிடும்.

அத்தனை வாத்தியத்துக்கு நடுவுல மைக் இல்லாம பாடுறாங்கன்னு சொல்றீங்களே, அது எப்படி?

கத்திப் பாடுவதில்லை. கத்தினால் இரண்டு காட்சியில் தொண்டை போய்விடும். வாத்தியக் கூட்டத்தின் ஓசைப் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) ஒட்டிய கீழ்ப் பகுதியில் குவிந்திருக்கிறது. நம் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்பதோ 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. பயிற்சி பெற்ற பாடகர் தொண்டைக்கும் வாய்க்கும் நடுவே உள்ள இடத்தைத் திருத்தி வடிவமைத்து, குரலின் பலத்தை அந்த மேல் பகுதியில் சேர்க்கிறார். நெரிசலான சாலையில் சைக்கிள் மணி தனியாகக் கேட்குமே, ஏறக்குறைய அப்படித்தான்.

உச்ச ஸ்தாயி சொப்ரானோவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவர்கள் மேலே போகும்போது சுரமே 1000 ஹெர்ட்ஸைத் தொட்டுவிடுகிறது. தாடையை இறக்கி வாயை அகலத் திறந்தால் வாயின் அதிர்வும் அந்தச் சுரமும் ஒன்று சேர்ந்து ஓசை தானாகப் பெருகும். மேல் சுரத்தில் அவர்கள் கொட்டாவி விடுவது போல வாயைத் திறப்பது நடிப்புக்காக என்று ஒரு நண்பர் நினைத்திருந்தார். அது முழுக்க இயற்பியல்.

சரி, கொரியாவுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்? அங்க இந்தப் பாட்டு எப்படிப் போச்சு?

நேரடிச் சம்பந்தம் கிடையாது. கிறித்தவ மிஷனரிகளின் பள்ளிகள், தேவாலயப் பாடகர் குழுக்கள், அப்புறம் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் டோக்கியோ போய்ப் படித்து வந்தவர்கள் என்று மேற்கத்திய இசை பல வழிகளில் உள்ளே வந்தது. கொரிய மண்ணில் முழு ஓபரா மேடையேறியது 1948 ஜனவரியில். 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா திராவியாத்தா'. அதை முன்னின்று நடத்திய இ இன்-சொன் தொழிலால் மருத்துவர், குரலால் டெனர், அதாவது ஆண் குரல்களில் மேல் ஸ்தாயிக் குரல். கதாநாயகி வியோலெத்தாவாகப் பாடியவர்களில் ஒருவர் கிம் ஜா-கியோங். அவர் 1968-இல் தன் பெயரிலேயே ஒரு ஓபராக் குழு தொடங்கினார்.

கொரியர்களுக்கென்று பான்சோரி என்ற சொந்தக் கதைப்பாட்டு இருக்கிறது. ஒரு பாடகர், ஒரு மேளம், மணிக்கணக்கில் கதை. அதில் குரல் கரகரப்பாக, அடிபட்டுப் பழுத்ததாக இருக்க வேண்டும். இத்தாலியக் குரல் முறை கேட்பது நேர் எதிர், இழை பிசிறாத வழவழப்பு. அதனால் "நம்ம ஊர் இசையிலிருந்து போய்ச் சாதித்தார்" என்று சொல்ல இடமில்லை. வேறொரு தொண்டையைப் பூஜ்யத்திலிருந்து உருவாக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்ல காலேஜ்ல இடம் கிடைச்சும் ஏன் பாதில விட்டுட்டு ரோமுக்குப் போனாங்க?

1981-இல் சோல் தேசியப் பல்கலைக்கழக இசைப் பிரிவில் முதல் இடத்தில் சேர்ந்தார். சேர்ந்தவுடன் காதல். வகுப்புக்குப் போவது குறைந்து, முதலாவதாக உள்ளே போனவர் கடைசிக்கு வந்துவிட்டார். இதைக் கொரியத் தொலைக்காட்சியில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இங்கே இருந்தால் சரிப்படாது என்று வீட்டிலும் ஆசிரியர் தரப்பிலும் முடிவாகி, 1983-இல் ரோம்.

ரோமில் சாந்தா செசிலியா கான்சர்வத்தோரியோ, அதாவது இசைக் கல்லூரி. ஆசிரியர்கள் கார்லோ பெர்கோன்சியும் ஜன்னெல்லா பொரெல்லியும். பெர்கோன்சி வெர்டி பாடுவதில் அந்த நூற்றாண்டின் பெரிய டெனர்களில் ஒருவர். 1985-இல் குரலிசை, விசைப்பலகை இரண்டிலும் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு புகழ்பெற்ற சொப்ரானோ எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃபிடமும் பாடம். இரண்டு வருடத்தில் பட்டம் என்றதும் பலரும் மேதை என்கிறார்கள். முதல் கேள்வியில் சொன்ன அந்த எட்டு மணி நேரச் சாதகத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கொரியாக்காரங்க இத்தாலியன்ல பாடினா உச்சரிப்பு இடிக்காதா?

இடிக்கும், அதற்காகத்தான் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். கொரிய மொழியில் 'ஃப' ஒலி இல்லை, 'வ'வும் கிடையாது. ரகரத்துக்கும் லகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்துதான், வருகிற இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். இத்தாலியனிலோ 'காரோ' என்றால் அன்பே, 'காலோ' என்றால் குறைவு. காதலனைக் கூப்பிடுகிற இடத்தில் இது மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரட்டை மெய்யும் ஒரு கண்ணி. 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. கலைக்கும் கல்லைக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுவார்கள். சுமி ஜோ இருபது வயதில் ரோமுக்குப் போய் அந்த ஊர்ச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். சுரத்தின் நடுவில் மெய்யெழுத்தை அவர் எவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டு உயிரெழுத்தில் போய் உட்காருகிறார் என்று கவனியுங்கள்.

அப்படின்னா எனக்கு உச்சத்துல ஒரு வார்த்தையும் புரியலையே, ஏன்?

உங்கள் காதிலும் கோளாறு இல்லை, அவர் உச்சரிப்பிலும் இல்லை. 'இ' ஒலிக்கும் 'உ' ஒலிக்கும் வாய்க்குள் உருவாகும் முதல் அதிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டியது. பாடுகிற சுரமே 1000 ஹெர்ட்ஸில் இருந்தால் அந்த அடையாளம் ஒலிக்க இடமே கிடையாது. மைக் கேள்வியில் சொன்னபடி வாயையும் திறந்தாக வேண்டும். ஆகவே மேலே போகப் போக எல்லா உயிரும் 'ஆ'வாகிவிடும். இத்தாலியருக்கும் அங்கே புரியாது. கெட்டிக்கார இசையமைப்பாளர்கள் கதைக்கு முக்கியமான சொல்லை அந்த உயரத்தில் வைப்பதில்லை.

முதல் மேடை எது? அதுல என்ன பாடினாங்க?

1986, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் துறைமுக ஊர் திரியெஸ்தே. வெர்டி பெயரிலேயே அமைந்த அரங்கம். நாடகம் வெர்டியின் 'ரிகொலெட்டோ', பாத்திரம் ஜில்டா. மூன்று வருடம் கழித்து மெட்ரோபாலிட்டனில் அறிமுகமானதும் இதே ஜில்டாதான்.

ரிகொலெட்டோ அரசவைக் கோமாளி, கூனன். மகள் ஜில்டாவை வெளியே விடாமல் பூட்டி வளர்க்கிறான். கோயிலில் அவளைப் பார்த்த டியூக், ஏழை மாணவன் என்று பொய் சொல்லி வீட்டுக்குள் நுழைகிறான், பெயர் குவால்தியெர் மால்தே என்கிறான். அவன் போனபிறகு அவள் தனியாக நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிற பாட்டுதான் 'காரோ நோமே', அன்பான பெயரே. அவள் உருகுவது முழுக்க ஒரு பொய்ப் பெயருக்காக! வெர்டி அந்தக் கொடுமையை வெளியே காட்டவே மாட்டார். இரண்டு புல்லாங்குழல் மெதுவாக முன்னுரை சொல்லும். பிறகு குரல் மேல் சுரத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு அசைக்கும் நடுவில் ஒரு சின்ன மௌனம். முதல் முறை வெட்கத்தில் மூச்சு முட்டுகிற பெண் அப்படித்தானே பேசுவாள்.

பல பாடகிகள் அந்த மௌனங்களை விக்கல் போலப் பாடிவிடுவார்கள், அல்லது சேர்த்து வழித்துவிடுவார்கள். சுமி ஜோ பாடும்போது சத்தம் நிற்கும், மெட்டு நிற்காது. எங்கள் கூட்டத்தில் ஒருவர், "அவங்க எங்க மூச்சு எடுக்குறாங்க?" என்று கேட்டு மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கராயான் கண்ணுல பட்டதாலதான் பெரிய ஆளானாங்க, இல்லன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

ஹெர்பெர்ட் வான் கராயான் அந்தக் காலத்தில் வாத்தியக் குழுவை நடத்துகிறவர்களில் மிகப் பெரிய பெயர். ஆனால் தேதிகளைப் பாருங்கள். நேப்பிள்ஸ், பார்சிலோனா போட்டிகளில் ஜெயித்து, 1986 ஆகஸ்டில் வெரோனாவில் கார்லோ ஆல்பெர்த்தோ கப்பெல்லி போட்டியில் முதல் பரிசு வாங்கினார். மற்றப் போட்டிகளில் முதலாவது வந்தவர்கள் மட்டுமே அதில் கலந்துகொள்ள முடியும். திரியெஸ்தே மேடையும் அதே வருடம். 1988-இல் லா ஸ்காலாவில், 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் யொம்மெல்லியின் 'ஃபெத்தோந்தே'. கராயானோடு சேர்ந்து பேர் பரவியது அதற்குப் பின்னால்.

கராயான் அவருக்குக் கொடுத்தது, வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா'வில் ஒஸ்கார் என்ற பாத்திரம். கதாநாயகனாகப் புகழ்பெற்ற டெனர் பிளாசிடோ டொமிங்கோ. 1989 தொடக்கத்தில் வியன்னாவில் ஒலிப்பதிவு முடிந்தது. கோடையில் சால்ஸ்பர்க் விழாவில் மேடையேற வேண்டும். ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது ஜூலை 16 அன்று கராயான் இறந்துபோனார். விழா நிற்கவில்லை. கராயானைப் போலவே வாத்தியக் குழுக்களை நடத்திப் பேர் வாங்கிய கியோர்க் சோல்ட்டி வந்து நடத்திக்கொடுத்தார். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கராயான் அவருக்குக் கதவைப் பெரிதாகத் திறந்துவிட்டார் என்பதை மறுக்கவில்லை. கதவு வரை நடந்து வந்தது அவருடைய கால்.

ஒஸ்கார் ஆம்பளைப் பேராச்சே?

ஆம். அரசனின் துடுக்கான எடுபிடிப் பையன். குரல் உடையாத வயதுப் பையனைக் காட்ட, பெண்ணுக்குக் கால்சட்டை மாட்டிப் பாட வைப்பது ஓபராவில் பழைய வழக்கம். சதி, கொலை என்று இருட்டாகப் போகும் கதையில் அவ்வப்போது சிரிப்பும் வெளிச்சமும் கொண்டுவருவது இந்தப் பையன்தான்.

யூட்யூப்ல 'இரவு ராணி' பாட்டு பாடுறாங்களே, அதுதான் அவங்க பெரிய இத்தாலிய ஓபராவா?

அது மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்', மொழி ஜெர்மன். பாட்டு பிரமாதம். உச்சத்தில் 1400 ஹெர்ட்ஸ் வரை போகிற சுரம், அதுவும் ஒரு தடவையோடு நிற்காது. சோல்ட்டி நடத்திய பதிவில் சுமி ஜோதான் ராணி. ஆனால் மொத்த நாடகத்தில் ராணிக்கு இரண்டே பெரிய பாட்டு. யூட்யூப் அதை மட்டும் வெட்டிக் காட்டுவதால் அவர் ஏதோ சர்க்கஸ் வித்தைக்காரர் என்று நினைத்துவிடுகிறோம். ஜில்டாவின் இடைவெளிகளில் அவர் செய்வதுதான் எனக்குப் பெரிய வித்தை.

கிராமி வாங்கியிருக்காங்களாமே?

சோல்ட்டி நடத்திய ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸின் 'நிழலில்லாப் பெண்' பதிவுக்கு ஓபராப் பிரிவில் கிராமி கிடைத்தது. அதில் இவருக்குச் சின்னப் பாத்திரம், மொழியும் ஜெர்மன். பெருமைதான், ஆனால் அவரை அதை வைத்து அளக்க வேண்டாம்.

ஆசியப் பொண்ணு, அப்ப 'மதாமா பட்டர்ஃப்ளை'தானே பாடியிருக்கணும்? ஏன் அதுல பேர் வரல?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் எரிச்சல் தருவதும். பட்டர்ஃப்ளை கதையில் ஜப்பானியப் பெண், வயது பதினைந்து. ஆனால் அதன் இசையமைப்பாளர் புச்சினி அந்தப் பதினைந்து வயதுக்கு எழுதியிருப்பது அடர்ந்த வாத்தியங்களுக்கு மேல், பெரும்பாலான நேரம் மேடையிலேயே நின்று பாட வேண்டிய பாட்டு. இரண்டாவது கேள்வியில் சொன்னேனே ஸ்பிந்தோ என்று, அந்தக் குரல் வேண்டும். கொலராத்துரா குரல் அதில் இறங்கினால் சில வருடங்களில் உச்சி போய், பிருகா போய், நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

முகத்தைப் பார்த்துப் பாத்திரம் கொடுப்பது ஓபராவில் உண்டு. கிழக்காசியப் பாடகிகளுக்குப் பட்டர்ஃப்ளையும் 'துராந்தோத்'தில் வரும் லியூவும் முதலில் நீட்டப்படும். சுமி ஜோவின் முக்கியப் பாத்திரங்களோ ஜில்டா, டோனிசெத்தி எழுதிய லூச்சியா, ரோசினி எழுதிய துடுக்குக்காரி ரோசினா, இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் நாயகிகள் என்று தொண்டைக்குப் பொருந்தியவை. அறுபது வயதுக்குப் பிறகும் அவரால் மேடையில் நிற்க முடிகிறதென்றால் இதுவும் ஒரு காரணம்.

அப்ப 'நோர்மா'ல மட்டும் ஏன் பாடினாங்க? அது கனமான ஓபரா ஆச்சே?

நல்ல கேள்வி, விஷயம் தெரிந்தவர் கேட்டது. பெல்லினியின் 'நோர்மா'வில் இரண்டு பூசாரிப் பெண்கள், மூத்தவள் நோர்மா, இளையவள் அடல்ஜிசா. இருவரும் ஒரே ரோமானியனிடம் ஏமாந்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டில் அடல்ஜிசாவைக் கீழ்க் குரலான மெட்சோவுக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1831-இல் லா ஸ்காலாவில் முதன்முதலாக அடல்ஜிசா பாடிய ஜூலியா கிரிசி ஒரு சொப்ரானோ. 2013-இல் வெளிவந்த பதிவில் ஜொவான்னி அந்தோனினியின் தலைமையில், பழைய காலத்து வாத்தியங்களோடு, அந்த ஏற்பாட்டுக்குத் திரும்பினார்கள். மெட்சோவான செசிலியா பார்தோலி நோர்மா, சுமி ஜோ அடல்ஜிசா. பழைய வாத்தியங்களின் ஓசை மெலிது என்பதால் குரல் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எல்லாருக்கும் அந்தத் தட்டு பிடிக்காது. எனக்கும் நோர்மா விஷயத்தில் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனால் இருவரும் சேர்ந்து பாடும் இடங்களில், ஐம்பதைத் தொட்ட சுமி ஜோவின் குரல்தான் சின்னப் பெண்ணாகக் கேட்கிறது.

அப்பா இறந்த அன்னைக்கும் கச்சேரி பண்ணினாங்களாமே, அப்படிச் செய்யலாமா?

2006-இல் பாரிஸில் அவருடைய தனிக் கச்சேரி இருந்த சமயம், சோலில் அப்பாவின் இறுதிச் சடங்கு. போகாமல் பாடினார். கடைசியில் பார்வையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஷூபெர்ட்டின் 'ஆவே மரியா'வை அப்பாவுக்காகப் பாடினார். காணொளியாகவும் வந்திருக்கிறது. செய்யலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி.

கொரியாவிலிருந்து இவங்க ஒருத்தர்தானா?

இல்லவே இல்லை. ஹோங் ஹே-கியோங் இவருக்கு முன்பே, 1984-இல், மெட்ரோபாலிட்டனில் அறிமுகமானவர். ஷின் யோங்-ஓக்கும் அங்கே ஜில்டா பாடியவர். 2007-இல் அதே அரங்கில் ஹோங்கும் டெனர் கிம் வூ-கியோங்கும் 'லா திராவியாத்தா'வின் காதல் ஜோடியாக நின்றார்கள். 1948-இல் சோலில் மருத்துவர் ஒருவர் மேடையேற்றிய அதே ஓபரா. இன்று ஜெர்மனியின் நகர அரங்கங்களில் மாதச் சம்பளத்தில் கொரியர்கள் ஏராளம். இத்தாலியில் அப்படிப் பெரிதாகக் கிடையாது. ஒரு நாடகத்துக்கு ஆள் எடுப்பார்கள், சில வாரம் ஒத்திகை, சில காட்சிகள், மேடையேறினால்தான் காசு. காய்ச்சலில் படுத்தால் பணம் போச்சு.

இத்தாலிக்காரங்க இவங்களைத் தங்கள் ஆளா ஏத்துக்கிட்டாங்களா?

1993-இல் சியோலா தோரோ பரிசு, 2008-இல் புச்சினி விருது, இரண்டும் இத்தாலி கொடுத்தவை. புச்சினியின் கனமான பாத்திரங்களால் பேர் வாங்காதவருக்குப் புச்சினி விருது என்பது தனி வேடிக்கை. 2025-இல் லா ஸ்காலா தன் அடுத்த இசை இயக்குநராக மியோங்-வுன் சோங்கை அறிவித்தது, 2027-லிருந்து. அவரும் கொரியர். "ஏத்துக்கிட்டாங்களா" என்ற கேள்வி இனி அடுத்த தலைமுறைக்கு வராது என்று நினைக்கிறேன்.

இப்பவும் பாடுறாங்களா?

பாடுகிறார், பெரும்பாலும் கச்சேரிகள். 2024-இல் பிரான்சின் லா ஃபெர்த்தே-ஆம்போ கோட்டையில் தன் பெயரில் இளம் பாடகர்களுக்கான சர்வதேசப் போட்டி தொடங்கியிருக்கிறார். போட்டிகளில் ஜெயித்து மேலே வந்தவர் இப்போது நடுவர் பக்கம்.

முழு ஓபராவெல்லாம் தாங்காது. எதுல ஆரம்பிக்கட்டும்?

முதலில் 'காரோ நோமே', ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது பிடித்தால் ரோசினியின் 'இல் துர்கோ இன் இத்தாலியா', நெவில் மரினர் நடத்தியது. நேப்பிள்ஸில் கணவனை ஆட்டிவைக்கும் ஃபியோரில்லாவாக சுமி ஜோ, சிரிப்புக்குக் குறைவில்லை. அதற்கப்புறம் 'நோர்மா'.

காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் கேட்க வேண்டாம். 'காரோ நோமே'யின் புல்லாங்குழல் முன்னுரை அவ்வளவு மெதுவாக இருக்கும். பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து நம்மில் ஒருவர் தள்ளிவிட்டுவிட்டார்.